ஷைனியின் சுடிதாரும் சனிக்கிழமை கேக்கும்

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கல்லூரிப் பெண், படிக்கிற நேரம் போக, வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். நேற்று மாலை லிஃப்ட் கதவு அந்த மாடியில் திறந்ததும் வெண்ணெயும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து வேகிற மணம் உள்ளே வந்தது. தொளதொளத்த பேன்ட்டும் பனியனுமாக, கையில் அட்டைப் பெட்டியோடு அவளும் ஏறிக்கொண்டாள். காலையில் கல்லூரிக்குப் போனதும் இதே உடையில்தான். "ஆன்ட்டி, உங்க ஃப்ளோர் கழிஞ்சு போச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் என் மாடியைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்தது.

அந்த மணம் வந்தால் நான் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். திருவனந்தபுரத்துக் குன்னுகுழியில், ரோசம்மாள் ஆன்ட்டியின் சமையலறை.

எம்.ஏ. படிக்க நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தபோது என் துணிகள் எல்லாம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன. ஊரில் என்னை நன்றாக உடுத்துகிறவள் என்பார்கள். இங்கே வகுப்பு முழுக்கச் சுடிதார். நான் மட்டும் பச்சைப் பாவாடைக்கு மெரூன் தாவணி சுற்றி, நாடக மேடையிலிருந்து நேரே இறங்கி வந்தவள் போல உட்கார்ந்திருப்பேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், ஜூன் மாத மழையைத் தாங்க முடியவில்லை. துவைத்தது எதுவும் காயாது. ஈரப் பாவாடையை இஸ்திரி போட்டு, ஆவி பறக்க உடுத்திக்கொண்டு போவேன். மத்தியானத்துக்குள் தும்மல் தொடங்கிவிடும்.

ரோசம்மாள் ஆன்ட்டி வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். கணவர் தேவதாஸ் அங்கிள் அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பேசுவார். அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

ஒரு நாள் காலையில் என் தும்மலைக் கேட்டு ஆன்ட்டி மாடியேறி வந்தார். கையில் மடித்து வைத்த சுடிதார்கள்.

"இந்தா மக்களே, இது ஷைனிக்க உடுப்பு. நனைஞ்சத உடுத்திட்டுப் போவாத. பெட்டிக்குள்ள கெடந்தா பூச்சிதான் அரிக்கும்."

"ஷைனி யாரு ஆன்ட்டி?"

"எங்க மக" என்றவர், திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு பெண்ணின் படம்கூட இல்லை. ஷைனி இறந்துபோனவள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். மஞ்சள் பருத்திச் சுடிதாரை முதல் நாள் போட்டபோது முதுகு கூசியது. ஆனால் அளவு கச்சிதம். இரண்டு வாரத்தில் கூச்சம் போய்விட்டது; அந்த வயதில் நல்ல உடுப்பு எதையும் மறக்கடித்துவிடும். நான் கேட்டைத் திறந்து வெளியே போகும் வரை ஆன்ட்டி ஜன்னலருகே நின்று பார்ப்பார். அங்கிள் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார்.

சனிக்கிழமை தோறும் ஆன்ட்டி கேக் போடுவார். மூடியில் வட்டக் கண்ணாடி வைத்த அலுமினிய ஓவன் ஒன்று இருந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும் வரை மரக்கரண்டியால் ஒரே பக்கமாக அடிப்பார். ஆரஞ்சுத் தோல் துருவியது கொஞ்சம், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. வெந்துவிட்டதா என்று பார்க்க விளக்குமாற்றிலிருந்து புது ஈர்க்குச்சி ஒன்றை உருவி, கழுவி, நடுவில் குத்திப் பார்ப்பார். அங்கிள் அந்தக் கேக்கைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நானும் ஆன்ட்டியும் கொஞ்சம் தின்போம். மிச்சம் காய்ந்து போகும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போடுவார்.

மழை விட்ட ஒரு நாள், பாளையம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் துப்பட்டாவைப் பிடித்தார்கள். திரும்பினால், என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒருத்தி.

"குன்னுகுழியிலயா தாமசம்?" என்றாள். அங்கேதான் குடியிருக்கிறேன் என்று தலையாட்டினேன். "இதுல எடது கைக்குக் கீழ ஒரு தையல் உண்டு. எங்க அம்மை கையால போட்டது."

அவள் சொன்ன இடத்தில் தையல் இருந்தது.

ஷைனி உயிரோடு இருந்தாள். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடையில் வேலை பார்த்த, திருநெல்வேலிப் பக்கத்து இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு கரமனையில் குடியிருந்தாள். உடுத்திய துணியோடு வீட்டை விட்டு வந்தவள். அன்றிலிருந்து அவள் பேரைச் சொல்லக் கூடாது என்று அங்கிள் உத்தரவு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அம்மை இப்பவும் கேக் போடுதாளா?" என்று கேட்டாள். அப்போதுதான் அவள் வயிற்றைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஆன்ட்டியிடம் சொன்னேன். முட்டை அடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எப்படி இருக்கா?"

"மாசமா இருக்காங்க ஆன்ட்டி."

கை நின்றது. "மெலிஞ்சிருக்காளா?" என்றார்.

அதன்பின் திங்கட்கிழமைகளில் என் டிபன் பாக்ஸின் மேல் தட்டில் கேக் இருக்கும். ஷைனி பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே தின்பாள். "ஜாதிக்கா கூடிப்போச்சுன்னு சொல்லு" என்பாள். சொல்வேன். அடுத்த வாரம் ஜாதிக்காய் குறைந்திருக்கும். தாயும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். "அந்த வயலெட் இன்னும் இருக்கா? அடுத்த வாரம் அதப் போட்டுட்டு வா, பாக்கட்டும்" என்பாள். ஆக, திங்கட்கிழமை நான் உடுத்துவது என் இஷ்டத்தில் இல்லை. அவள் என்னைச் சுற்றி வந்து, கீழ்விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை கேட்டருகே அங்கிள் என்னை நிறுத்தினார். "அந்த டப்பாவத் தொற."

திறந்தேன்.

"இவ்வளவும் நீயா திங்கப் போற?"

அவர் மூடியை மெதுவாக, சரியாகப் பொருத்தி மூடித் திருப்பித் தந்தார். நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது சமையலறையில் ஓவன் இல்லை. அங்கிள் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாராம்.

அந்தச் சனிக்கிழமையை என்னால் மறக்க முடியாது. ஆன்ட்டி பின்முற்றத்தில் விறகடுப்பு மூட்டினார். பெரிய பாத்திரத்தில் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, மூடிக்கு மேலே கனலை வாரிப் போட்டார். வெண்ணெய் மணம் தெரு முழுக்கப் பரவியது. எதிர்வீட்டுக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். அங்கிள் முன்னறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெந்ததும் ஆன்ட்டி கைகால் கழுவி, சர்ச்சுக்கு உடுத்தும் சேலையைக் கட்டி, கேக்கைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டார்.

"எனக்கு வழி தெரியாது மக்களே. நீ கூட வா." பிறகு முன்னறையைப் பார்த்து, "நான் எனக்க மவளப் பாக்கப் போறேன்" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. அங்கிள் தலை தூக்கவில்லை.

ஷைனி என்னிடம் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்துக் கரமனை வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆறிப்போவும். ஒரு கத்தி கொண்டா" என்றார் ஆன்ட்டி. அதற்கு மேல் இருவராலும் முடியவில்லை. நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

பிரசவம் முடிகிறவரை ஆன்ட்டி திரும்பவில்லை. நான் மட்டும் தனியாக வந்து, ஆன்ட்டி அங்கேயே தங்கிவிட்டார் என்று அங்கிளிடம் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "அப்ப ஒனக்குச் சாப்பாடு?" என்றார். அன்று அவரே கஞ்சி வைத்து, பயறு வேகவைத்துத் தந்தார். உப்பு அதிகம். அடுத்த சில வாரங்கள் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடித்தோம். அவர் எதுவும் கேட்டதில்லை. குழந்தை பிறந்த செய்தியோடு நான் வந்த அன்று மட்டும், "ஆணா, பெண்ணா?" என்றார். பெண் என்றேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஷைனி கைக்குழந்தையோடு அந்த வீட்டுக்கு வந்தபோது அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவளோடு பேசவில்லை. ஆனால் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஒனக்க அம்மைகிட்டச் சொல்லு மக்களே, வெயில்ல நடக்கக் கூடாதுன்னு" என்றார். "தாத்தாகிட்டச் சொல்லு, பஸ் கெடைக்கல்லன்னு" என்றாள் ஷைனி. வருகிற ஞாயிறெல்லாம் அப்படியே நடந்தது. மருந்து, வாடகை, மருமகனின் வேலை எல்லாவற்றையும் அவர் அந்தக் குழந்தையிடமே விசாரித்தார். மகளின் பேரைச் சொல்லாமலேயே, அந்தக் குழந்தைக்குப் பேச்சு வருமுன்னே, ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார்.

நான் படிப்பை முடித்து, வேலை கிடைத்து, இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். ஆன்ட்டி மகளோடு போய் இருந்து, அங்கேயே கண்ணை மூடினார். குன்னுகுழி வீட்டை விற்றுவிட்டார்கள். அந்த வழியாகப் போனால் எது அந்த மனை என்று எனக்கே தடுமாறுகிறது. ஷைனியின் குடும்பம் இப்போது வெளிநாட்டில்.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவளை வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்தது மகள். அந்தக் குழந்தைதான்; வேலைக்குப் போகிறாள் இப்போது. பேச்சு எப்படியோ பழைய வீட்டுக்குப் போனது.

"ஆன்ட்டி, தாத்தா என்கிட்ட நெறைய பேசுமாமே?"

"உன்கிட்ட மட்டும்தான் பேசுவார்" என்றேன்.

"சங்கடம்தான். கைக்குழந்தையில்லா நான், எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல."

பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த ஷைனி தலை நிமிராமலே சொன்னாள்.

"எனக்கு உண்டு. எல்லாம்."