மூன்று மீட்டர்

நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் தரை எவ்வளவு நகர்ந்தது என்று செயற்கைக்கோள் வழியாக அளப்பது என் வேலை. மட்டாஞ்சேரி வீட்டில் உட்கார்ந்தபடியே இமயமலை அடிவாரத்துக் கருவிகளைக் கவனிப்பேன். அவற்றில் ஒன்றை நானே போய் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பொருத்தினேன். சிக்னல் தடைபடும், இனி இங்கே துணி காயப்போடக் கூடாது என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கொடியை அவிழ்த்தாள்.

போன வருடம் அங்கே பெரிய நிலநடுக்கம். மற்ற கருவிகள் பக்கவாட்டில் சற்று நகர்ந்திருந்தன. நான் பொருத்தியது மட்டும் மூன்று மீட்டர் கீழே இறங்கியிருந்தது. அப்படியொரு இறக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"தரையே மூணு மீட்டர் தாழ்ந்திருக்கு!" என்று கத்தினேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன்.

சாயாவோடு வந்த மனைவி திரையைப் பார்த்தாள். "அதை எங்கே வெச்சிருக்கு?"

"ஒரு வீட்டு மாடியிலே."

"அப்போ தரை தாழலை. வீடாக்கும் விழுந்திருக்கு."

அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். மணியே அடிக்கவில்லை.

சோலாரில் ஓடும் கருவி மட்டும் இடிபாட்டின் மேல் கிடந்து, துளித் தடையும் இல்லாத சிக்னலை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணிடம் நான் கேட்டதும் அதைத்தான்.