நியாலாஸ் தோட்டத்தில் அம்மா தைத்த கொடி

போன மாதம் ஒரு புதன்கிழமை, மலாக்கா பக்கம் நாங்கள் முன்பு குடியிருந்த நியாலாஸ் தோட்டத்துக்குப் போய் வந்தேன். அம்மா தமிழ்நாட்டில் இறந்து இருபது வருடமாகிறது. அவளை நான் கடைசியாகப் பார்த்தது பன்னிரண்டு வயதில். அவளை அறிந்த ஒருவர் இன்னும் அங்கே இருப்பதாக ஒரு கல்யாண வீட்டில் கேள்விப்பட்டேன். அதற்குமேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கிள்ளானில் காலை ஆறரைக்குக் கிளம்பி, மலாக்கா பஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி பத்து. அங்கிருந்து ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். டெக்சிக்கு எழுபது ரிங்கிட். (பஸ்ஸை நம்ப வேண்டாம்.) வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள்.

"அங்க பாக்க ஒண்ணும் இல்லியே லா, ஆன்ட்டி?" என்றார் டிரைவர்.

"ஆளப் பாக்கப் போறேன் தம்பி."

நான் தேடிப் போன ராஜம்மா அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்குப் பக்கத்து வீடு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொடி தச்சவ மவளா நீ?" என்றார்.

எந்தக் கொடி? லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்த அம்மாவைத்தான் எனக்குத் தெரியும்.

அத்தை சொன்னார். அப்போது, காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி, வாசலில் சோதனை. சுதந்திரம் நெருங்கிய நேரத்தில், பள்ளிக்குப் புதுக்கொடி தைத்துத் தரும்படி வாத்தியார் அம்மாவைக் கேட்டார். அவள் ஜாசின் டவுன் பாசாரில் துணி வாங்கி வந்தாள். வாசலில் பையைப் பிரித்தால், உள்ளே சிவப்புத் துணி.

"காட்டுல இருக்கறவங்க தொப்பிக்கு செவப்பு நட்சத்திரம் தைக்கிறியான்னு புடிச்சிட்டுப் போயிட்டாங்க. ஒங்கம்மா அழுவல. ஊசி நூலு குடுங்க, இங்கயே தச்சுக் காட்டறேன்னு ஒக்காந்துட்டா."

இரண்டு நாள் போலீஸ் நிலையத்து பெஞ்சிலேயே கையால் தைத்தாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பதினோரு கோடு. பதினோரு முனை நட்சத்திரம் மட்டும் கோணிக்கொண்டே போனது; இரண்டு முறை பிரித்தாள். கடைசியில், அவளைப் பிடித்து வந்த மலாய் போலீஸ்காரரே பென்சிலால் வரைந்து கொடுத்தாராம். மூன்றாம் நாள் கொடியோடு வீட்டுக்கு வந்தாள். சுதந்திர நாளில் பள்ளித் திடலில் ஏறியது அதுதான்.

மறுவருடம் நான் பிறந்தேன். சுதந்திரத்துக்குப் பின் இங்கே பிறந்ததால் நான் குடிமகள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கடைசிவரை சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, வேலை பெர்மிட் கிடைக்காமல் இருவரும் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். நான் கிள்ளானில் சித்தி வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னை வேண்டாமென்று விட்டுப் போய்விட்டாள் என்றே நம்பி வளர்ந்தேன்.

"போறன்னிக்கி வாத்தியாரு, பழைய கொடிய நீயே எடுத்துக்கம்மான்னாரு," என்றார் அத்தை. "வேணாம் சார், எம்மவ இந்த நாட்டுக்காரி, அது அவளுக்குச் சேரணும், என்னைக்காச்சும் வருவா, குடுங்கன்னா."

நான் வர ஐம்பத்தைந்து வருடமாகிவிட்டது. பள்ளி இல்லை, வாத்தியார் இல்லை. கொடி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. திடல் இருந்த இடத்தில் செம்பனைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். கொடி ஏறியபோது அம்மா நிமிர்ந்து பார்த்திருக்கும் உயரத்தைக் கண்ணால் தேடினேன்.

போகிறவர்கள் குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வர டெக்சிக்கு முன்பே சொல்லி வையுங்கள், அங்கே கிடைக்காது. நான் மூன்று மணிக்குச் சொல்லியிருந்தேன். ஹாரன் கேட்டும் அத்தை பக்கத்திலிருந்து எழ மனம் வரவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரம் லா, தம்பி," என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அத்தையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.