குருவி நெஞ்சில் எழுதிய பேர்

மலர்க்கொடிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அடிபடாது. பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். அவள் புருஷன் கண்ணையன் அதற்குத்தான் நடுங்குவான். திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம், இவள் வாயை மூடிக்கொண்டால் தட்டில் இருக்கிற சோறு தொண்டையில் இறங்காது என்பான். எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் அவள் அப்படி வாயை மூடியதற்குக் காரணம் ஒரு கொண்டைக்குருவி.

பெரம்பலூரில் ராசாங்கம் என்பவர் நடத்திய போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. நெகட்டிவில் பென்சில் பிடித்து அம்மைத் தழும்பை மறைப்பாள், கருவளையத்தை அழிப்பாள். கல்யாணப் படமென்றால் மாப்பிள்ளை பெண் பேரை நெகட்டிவின் ஓரத்தில் எழுதுவாள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுத்தை வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதினால்தான் படத்தில் நேராக விழும். எட்டு வருஷம் ஊரார் பேரையெல்லாம் அப்படித் திருப்பி எழுதிய கை அது. எந்தப் படத்திலும் அவள் பேரை யாரும் எழுதவில்லை, அவளும் அதைப் பற்றி நினைத்ததில்லை.

ராசாங்கம் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பெட்டிக் கேமராவும், தேதி முடிந்த பிலிம் ரோல்களும் அவளுக்குக் கிடைத்தன. அந்தக் கேமராவில் பத்தடி தள்ளி நின்றால்தான் படம் தெளிவாக விழும். அவளுக்கோ குருவியைப் படம் எடுக்க ஆசை, பத்தடியில் குருவி ஒரு கடுகு. மலர்க்கொடி யோசித்தாள். மாமனார் இறந்தபின் பரணில் கிடந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியின் சட்டத்தை உடைத்து, இரண்டு சில்லையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து லென்சின் முன்னால் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். அளந்து பார்த்தால் சரியாக ஒரு சாண் தூரத்தில் தெளிந்தது. ஒரு சாண் தூரத்தில் எந்தக் குருவி உட்காரும்? அதற்கும் வழி கண்டுபிடித்தாள் அந்த மகராசி.

கொல்லையில் செம்பருத்திச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. கூட்டுக்கு எதிரில் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை வைத்தாள். முதல் நாள் கூட்டிலிருந்து மூன்று முழம் தள்ளி. மறுநாள் இரண்டரை முழம். குருவி அஞ்சி எழுந்து போனால் டப்பாவைப் பின்னுக்கு இழுப்பாள். இப்படி ஒன்பது நாளில் ஒரு சாணுக்கு வந்துவிட்டது. பத்தாம் நாள் டப்பாவை எடுத்துவிட்டு அதே இடத்தில் கேமராவை வைத்து, அதன் விசையில் ஒரு நூலைக் கட்டி நீட்டிக்கொண்டு, கொடியில் உலர்கிற சேலைக்குப் பின்னால் குந்தியிருந்தாள். கால் மரத்து, முதுகில் எறும்பு ஊர்ந்து, கடைசியில் குருவி கூட்டில் அமர்ந்து அவளைத் திரும்பிப் பார்த்தது. நூலை இழுத்தாள். அச்சுப் போட்டதும் ராசாங்கமே அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். படம் முழுக்கக் குருவி, கொண்டையில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது.

கண்ணையன் ஒரு அரசாங்க ஆபீசில் தினக்கூலிப் பியூன். பெருமை தாங்காமல் அந்தப் படத்தை ஆபீசுக்குக் கொண்டுபோனான். ஆபீசர் வேணுகோபால் வாங்கிப் பார்த்தார், இருக்கட்டும் என்று மேஜை டிராயரில் போட்டார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம் கண்ணையன் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"ஏ மலரு, அந்தக் குருவி படத்தோட நெகட்டிவு எங்க வச்சிருக்க?"

"எதுக்கு?"

"ஆபீசர் கேக்குறாரு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "திருச்சியில போட்டோப் போட்டியாம். அவரு பேருல அனுப்பியிருக்காரு. மொத பரிசு வந்துட்டுது. பெருசாப் போட்டு மாட்டணுமாம், நெகட்டிவ குடுத்தாத்தான் பரிசுன்னு கடுதாசி வந்திருக்கு."

"அவரு பேருல அனுப்பப் போறாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

கண்ணையன் இப்போதுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"தெரியும். அடுத்த மாசம் பர்மனெண்ட் லிஸ்ட்டு போவுது," என்றான். "அவரு கையெழுத்துப் போட்டாத்தான் என் பேரு அதுல ஏறும். ஒரு குருவிக்காவ வேலைய வுடச் சொல்றியா?"

மலர்க்கொடி அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்தாள். பரிசு போனால் போகட்டும், அது யாருக்கு வேண்டும். ஒன்பது நாள் செங்கல்லை அங்குலம் அங்குலமாக நகர்த்தியபோது இந்த மனுஷன் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே? சேலைக்குப் பின்னால் குந்தியிருந்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன்தானே? அவனுக்கே அது ஒரு குருவியாகத்தான் தெரிந்தது என்றால் ஆபீசரைச் சொல்லி என்ன. அன்றைக்கு மூடிய வாய் நான்கு நாள் திறக்கவில்லை. நெகட்டிவையும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. கண்ணையன் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். வேணுகோபால் உட்காரவில்லை. சொம்பில் கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை, ஜீப்பில் இருக்கிறது என்றார். சிரித்தபடிதான் பேசினார்.

"நீதானாம்மா எடுத்தது? பரவால்லையே. கேமரா இருந்தா யாரு வேணாலும் அமுக்கலாம். எங்க அனுப்பணும், யாருக்கு எழுதணும்னு தெரியணும்ல, அதுதான் விஷயம். ஒம் பேரப் போட்டு அனுப்பியிருந்தா எவன் பிரிச்சுப் பாத்திருப்பான்? கண்ணையன் விஷயத்த நான் கவனிச்சுக்கிறேன். நீ போயி அத எடுத்துட்டு வா."

"எடுத்தாந்து குடு மலரு," என்றான் கண்ணையன். குரல் கெஞ்சியது.

மலர்க்கொடி உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டர் பேப்பரில் மடித்து வைத்திருந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆபீசர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். ஓரத்தில் விரற்கடை இடம்கூட இல்லை, அவ்வளவு கிட்டப் போய் எடுத்த படம் அது. பிறகு நாற்காலியின் மேல் அதை வைத்து, ஊக்கின் முனையால் குருவியின் நெஞ்சில் வலமிருந்து இடமாகக் கீறினாள். மருந்து பூசிய பக்கம் சுருள் சுருளாக உரிந்து வந்தது. அவசரப்படவில்லை. கால், கொம்பு, புள்ளி ஒன்றும் விடவில்லை.

"என்ன பண்ற நீ?" என்று கண்ணையன் அவள் கையைப் பிடித்தான். ஒரே உதறு. கை விலகிப் போயிற்று.

"இந்தாங்க சார்," என்று நீட்டினாள். "என் பேருதான் எழுதியிருக்கேன். கொண்டு போயிக் குடுங்க. படத்தப் பெருசாப் போட்டா பேரும் பெருசா வுழுவும்."

வேணுகோபாலின் சிரிப்பு நின்றது. நெகட்டிவைப் பார்த்தார், கண்ணையனைப் பார்த்தார். "ஒன் பொஞ்சாதிய நல்லா வச்சிருக்கய்யா," என்று சொல்லிவிட்டு, நெகட்டிவை வாங்காமலே ஜீப்பில் ஏறினார். பரிசு வேறு யாருக்கோ போனது. பர்மனெண்ட் லிஸ்ட்டில் கண்ணையன் பேர் இல்லை. ஆபீசர் மாறி, அடுத்தவரும் மாறி, எண்பத்து மூன்றில்தான் அவன் பேர் ஏறியது.

இந்த முறை வாயை மூடியது கண்ணையன். மூன்று மாதம் ஆயிற்று அவன் பேச. பேசியதும் முதல் வார்த்தையாக, "ஒனக்கு வேலைய வுடக் குருவிதான் பெருசு," என்றான். "ஆமா," என்றாள் மலர்க்கொடி. "ஒங்க பேரு லிஸ்ட்டுல ஏறணும்னு நீங்க அஞ்சு வருசமா அலையுறீங்க. என் பேருக்காவ நான் ஒரு நாளு அலைஞ்சேன்."

கீறிய நெகட்டிவை அவளே ஸ்டுடியோவில் அச்சுப் போட்டுச் சட்டம் கட்டிச் சுவரில் மாட்டினாள். குருவியின் நெஞ்சுக்குக் குறுக்கே கன்னங்கரேலென்று பேர் விழுந்திருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். இவ்வளவு நல்ல படத்தை இப்படிப் பாழாக்கலாமா, பேரை ஓரமாக எழுதியிருக்கக் கூடாதா என்பார்கள்.

"ஓரமா எடம் வுட்டு எடுத்திருந்தா, குருவி இவ்ளோ பெருசா வந்திருக்காது," என்பாள் மலர்க்கொடி. சிரிக்க மாட்டாள்.