தண்டல் தொம்மையின் வாரிசு

சிலுவை புன்னைக்காயல்காரர். தூத்துக்குடியில் இருபது வருடமாக ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய பூட்டன் தொம்மை படகுத் தண்டலாக, படகையும் ஆட்களையும் நடத்தும் தலைவராக, இருந்தவர். முத்துக்குளிப்பில் வெள்ளைக்காரன் கேட்ட பங்கைக் கொடுக்க மறுத்து, பாளையங்கோட்டைச் சிறையில் செத்தார். நூறு வருடமாக அவரை ஒருவரும் தேடவில்லை. விமான நிலையத்துக்கு உள்ளூர்ப் பெயர் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டபோதுதான் தியாகி நினைவுக்கு வந்தார்.

பெயர் சூட்டு விழாவில் சிலுவைக்குச் சால்வை போர்த்தி, மேடையில் நாற்காலியும் கொடுத்தார்கள். பத்தே நிமிடத்தில் கட்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டதால், தேசத்தின் நலன் கருதி நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்தபோது, சிலுவை மட்டும் ஏற்கெனவே தயாராக நின்றார்.

அடுத்த மாதம், ஊன்றுகோலும் இரண்டு பெட்டிகளுமாகச் சென்னைக்குக் கிளம்பிய பெரியவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தார். வெளிவாசலில் காவலாளி மாரிராஜ் மறித்தான்.

"ஆட்டோ உள்ள போவக்கூடாது அண்ணாச்சி. இங்கனயே எறக்கிவிடுங்க."

"அய்யாவால அவ்வளவு தூரம் நடக்க முடியாதுடே. போர்டப் பாரு, அது எங்க பூட்டன் பேரு."

"பூட்டனே வந்தாலும் கார்ல வந்தாத்தான் விடுவேன்."

சிலுவை வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். பின்னால் கார்கள் அலறின. கடைசியில் அதிகாரி ஒருவரே ஓடி வந்தார். விழாவில் சால்வை போர்த்தியவர்தான். ஆனால் அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. அன்று அவர் கேமராவையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்!

"அய்யாவ உள்ள கொண்டு விட்டுட்டு வாரேன் சார். இல்லன்னா வண்டி நவராது" என்றார் சிலுவை.

வழி விட்டார்கள். பெரியவர் விமானத்தைப் பிடித்தார். சிலுவை திரும்பி வந்தபோது போலீஸ் காத்திருந்தது. பாதையை மறித்ததாக விமான நிலையம் கொடுத்த புகாரில் வழக்கு.

வீட்டில் மனைவி பிளாரன்ஸ் திட்டுவாள் என்று பயந்தார். அவள் சிரித்தபடி மீன்குழம்பை ஊற்றினாள். "குடும்பத்துல இது ரெண்டாவது கேஸு."

பெயர் சூட்டியதன் முதலாம் ஆண்டு விழாவுக்கு அழைக்க விமான நிலையத்திலிருந்து போன் வந்தது.

"அன்னைக்கு எனக்குக் கோர்ட்டுல வாய்தா சார்."

"அடடா, என்ன கேஸுங்க?"

"நீங்க போட்ட கேஸுதான்."

மறுமுனைக் குரல் மிகப் பணிவாகக் கேட்டது: "உங்க குடும்பத்துல வேற வாரிசு யாராவது இருக்காங்களா?"

"மணப்பாட்டுல சித்தப்பா மவன் ஒருத்தன் இருக்கான் சார்" என்றார் சிலுவை. "அவனும் ஆட்டோதான் ஓட்டுதான்."