இடது முன்சக்கரம் போட்ட சத்தம்

லாரியின் முன்சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வித்தையில்லை. ஏன் கழற்றினோம் என்று டிரைவரை நம்பவைப்பதுதான் எங்கள் தொழில். நகக்கண்ணில் கிரீஸோடு சோறு தின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில், ஆளந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் உட்கார்ந்து கற்றதில்லை. கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து வந்த தொழில். படுத்தால் தூக்கம் வராத உடம்புக்கு அந்த வேலை தோதாகவும் இருந்தது. விஷ்ராந்த்வாடியில் இருந்த என் அறையிலிருந்து சாயங்காலம் போய்ச் சேரும்போது, பகல் ஷிஃப்ட் ஷிண்டே கை கழுவிக்கொண்டிருப்பார். எங்கள் இருவருக்கும் பொதுவாக வாய்த்தவர் தனபால் அண்ணன். சங்ககிரி லாரி டிரைவர், ஐம்பது தாண்டியவர். வண்டி முதலாளியுடையது, ஓட்டுவது இவர்.

தசராக் குளியல்

தசராவுக்கு மறுவாரம் எங்கள் ஷெட்டில் நிற்க இடம் இருக்காது. பூஜைக்காக வண்டியைக் கழுவுவார்கள். கழுவட்டும். ஆனால் நாள் முழுக்க ஓடிக் கொதித்துக்கொண்டிருக்கிற சக்கரத்தின் மேல் ஓஸ் பைப்பை நேராகப் பிடிப்பார்கள். சக்கரத்தைத் தாங்குகிற நடுக்குடம்தான் ஹப். அது சட்டென்று குளிரும்போது, தேய்ந்த ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தனபால் அண்ணன் வண்டி சந்தனமும் சாமந்தி மாலையுமாக வந்து நின்றது. இடது முன்சக்கரத்தைப் பிரித்தால், உள்ளே கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பேரிங் உருளைகளில் துருப்புள்ளி. நீங்கள் பிடித்த தண்ணீர்தான் காரணம் என்றேன். அவர் மாலையைச் சரிசெய்தபடியே கேட்டார்: "ஊரு வண்டியெல்லாம் அதே தண்ணியிலதான் குளிச்சுது. என் வண்டிக்கு மட்டும் ஏன் தம்பி சளி புடிக்குது?"

இறுக்கிவிட்டுத் தளர்த்துவது

பேரிங் மாற்றும்போது அதன் வெளிவளையத்தையும் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பித்தளைக் கம்பியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் முதலில் சத்தம் பொள்ளலாக வரும்; வளையம் அடியில் உட்கார்ந்ததும் கெட்டியாகிவிடும். அதோடு நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்தின பிறகும் தனபால் அண்ணன், "இன்னும் ரெண்டு போடு, உக்காரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிண்டல் பண்ணுகிறார் என்று விட்டுவிட்டேன்.

பிறகு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, மறுபடி கொஞ்சம் தளர்த்தி, நட்டு நகராமலிருக்கப் பூட்டுப் பின்னை மாட்டினேன். இறுக்கினதைத் தளர்த்துவதா என்று சண்டைக்கு வந்தார். "ஒரேயடியா இறுக்கிப் புடிச்சா சூடாகி எரிஞ்சிரும்ண்ணே" என்றேன். நட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "அடுத்த தடவ ஊருக்கு வா. இதை எங்க வீட்டுல ஒருக்கா சொல்லிட்டுப் போ."

பூ மாதிரி வந்த வண்டி

அடுத்த வருஷம் மழை முடிந்த சமயம். ஷிஃப்ட் மாறுகிற நேரம், நானும் ஷிண்டேயும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ரோட்டிலிருந்து ஒரு லாரி உள்ளே திரும்புவதற்கு முன்பே ஊளைச் சத்தம் வந்தது. ஷிண்டே கிளாஸைக் கீழே வைத்தார். "பேச்சாரா ரோ ரஹா ஹை" என்றார். பாவம், அழுகிறதாம். தனபால் அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்கி, "சும்மா சூடு மட்டும் பாரு. மத்தபடி பூ மாதிரி வருது" என்றார்.

அதே இடது முன்சக்கரம். மழைத்தண்ணீரில் ஓடி ஓடி சீல் போயிருந்தது. பேரிங் உடைந்து, வளையம் ஹப்புக்குள்ளேயே சுற்றி, உட்காரும் இடமே தேய்ந்துவிட்டது. இனி ஹப்பையே மாற்ற வேண்டும். இப்படி ஆவதற்கு முன்னால் பேரிங் எத்தனையோ நாள் கத்தியிருக்கும். காது உள்ளவன் எவனும் வண்டியை ஓரங்கட்டியிருப்பான். யோசித்துக்கொண்டே ஜாக்கி லிவரைக் கைதவறவிட்டேன். தனபால் அண்ணன் முதுகுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில். ஷெட்டே திரும்பிப் பார்த்தது, அவர் திரும்பவில்லை.

அவரைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டேன். வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது பாதிதான் என்றார். ஹாரனுக்கு என்ன செய்கிறீர்கள் என்றால், கண்ணாடியைப் பார்த்துக்கொள்வேன் என்கிறார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "மொதலாளிக்குத் தெரிஞ்சா ஸ்டியரிங்கப் புடுங்கிருவாரு. எனக்கு வேற என்னப்பா தெரியும், சொல்லு."

சங்ககிரியிலிருந்து போன்

மறுநாள் சாயங்காலம் புது ஹப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது லாரி முதலாளி போனில் வந்தார். "போன வருசம் பிரிச்ச அதே சக்கரம். ஒண்ணு உன் வேலை சரியில்ல, இல்லீன்னா என் டிரைவர் சரியில்ல. எது?" ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வேலைதான் சரியில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், நாளைக்கே இவர் லோடு ஏற்றிக்கொண்டு, எந்தச் சத்தமும் காதில் விழாமல் கம்பாட்கி காட் மலைப்பாதையில் இறங்குவார்.

தனபால் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கி இடது காதில் வைத்தார். "மொதலாளி, பேரிங் கத்திக்கிட்டுத்தான் வந்திருக்குதுங்க. எனக்குத்தான் கேக்கல. காது போயிருச்சுங்க." பிறகு ரொம்ப நேரம் தலையாட்டி, சரிங்க சரிங்க என்றுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லு தம்பி. ஒண்ணும் வெளங்கல."

வண்டி அங்கேயே நிற்கட்டும், வேறு டிரைவர் வருகிறான், தனபால் ரயிலில் வந்து சேரட்டும், சங்ககிரி ஷெட்டில் டயர் பார்க்க ஆள் வேண்டும் என்றார் முதலாளி. அதை அண்ணன் காதில் சொல்ல வேண்டியவன் நான். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை சொன்னது விழவில்லை. இரண்டாம் தடவை கத்தினேன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஷிண்டே, கழுவின கையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். தனபால் அண்ணன் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இவ்வளவு சத்தமா வேண்டாம் தம்பி, ஷிண்டேக்குக் கேட்டுரும்."

அந்த இடது முன்சக்கரம் அதற்குப் பிறகு என்னிடம் வரவே இல்லை. ஒரு மெக்கானிக்குக்குக் கிடைக்கிற பாராட்டு அவ்வளவுதான்.