நோமிகோஸ் மிதித்த பால்

டார்பன் ஸ்பிரிங்ஸ் துறையில் நாற்பது வருடம், குளிக்கத் தேய்க்கும் கடற்பஞ்சைக் கடலடிப் பாறையிலிருந்து வெட்டி எடுத்தவர் எங்கள் கேப்டன் நோமிகோஸ். அவர் படகை ஓட்டுவது நான். எடுத்த பஞ்சைத் தளத்தில் போட்டு மிதிப்போம். கறுத்த தோலுக்குள்ளிருந்து சளிபோல் சதை வழியும். அதற்கு எங்களிடம் பால் என்று பெயர்.

ஆய்வுக்கூடத்து டாக்டர் ஹாரியட் ஒருநாள் பஞ்சு கேட்டாள். கேப்டன் அலசிக் காயவைத்த முதல்தரச் சரக்கை நீட்டினார்.

"இது வெறும் எலும்புக்கூடு, கேப்டன். பிராணி எங்க?"

"அந்த நாத்தத்தையா கேக்கறே? மிதிச்சுக் கடல்ல விட்டாச்சும்மா."

அடுத்தமுறை வாளியில் உயிரோடு கொண்டுபோனோம். அவள் ஒரு துண்டை வெட்டிப் பட்டுத்துணியில் கட்டி, கடல்நீருக்குள் பிழிந்தாள். நீர் கலங்கியது, அவ்வளவுதான்.

"நீயும் மிதிக்கத்தானே செஞ்சே? இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்றார் கேப்டன்.

அவள் நுண்ணோக்கியைக் காட்டினாள். சிதறிப்போன உயிரணுக்கள் மெல்ல ஊர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நரம்பும் வயிறும் இல்லாத அவை மறுபடி ஒரே பஞ்சாகச் சேர முயல்கின்றன என்றாள். கேப்டன் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

மறுவாரம் பஞ்சை மிதித்து முடித்ததும், பாலை வாளியில் வழித்தெடுத்து, பஞ்சு வெட்டிய பாறைக்கே படகைத் திருப்பச் சொன்னார்.

"வெட்டியா டீசல் போகுது, கேப்டன்."

"நாப்பது வருஷமா, குடியிருந்தவனைத் தள்ளிட்டு வீட்டை வித்திருக்கேன்டா. அவன் தெருவுலயாவது இறக்கிவிடுவோம், திருப்பு."