தீக்கொழுந்தனும் சீசன் விருந்தாளிகளும்

இலஞ்சி ஆனந்தவள்ளி டிராகன் கதை எழுதுகிறாள் என்று சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். கழுத்தில் டேப்பு, வாயில் ஊசி. தையல் மிஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கை தைத்ததும் இரண்டு வரி, கொக்கி வைத்ததும் இரண்டு வரி என்று எழுதுவாள். "டிராகன்னா அந்தச் செவப்புப் பழமா எட்டி?" என்று கேட்டார் அவள் புருஷன் ஆவுடையப்பன். அவர் போலீஸ் ஏட்டு. சீசன் முழுக்கக் குற்றாலப் பேரருவியில் நின்று, குளித்தவர்களை வெளியே வரச்சொல்லி விசில் ஊதி ஊதி, கதை கேட்க அவருக்குக் காது மிச்சமில்லை.

பறக்கும் நாகம் என்று நல்ல தமிழில் எழுதலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். "நாகம்னு எழுதினா நம்ம ஊர்க்காரங்க பால் ஊத்த வந்துருவாக" என்று மறுத்துவிட்டாள். ஆனால் பெயர் மட்டும் தமிழில்தான் வைத்தாள். தீக்கொழுந்து கக்குகிறவன், ஆகவே தீக்கொழுந்தன். வைத்தபோது அவளுக்கு அதில் ஒரு வில்லங்கமும் தெரியவில்லை.

டிராகன்மேல் அவளுக்கு ஏன் இத்தனை ஆசை என்று கேட்டால், சீசனைத்தான் சொல்லவேண்டும். ஆனி பிறந்து சாரல் விழுந்ததோ இல்லையோ, போன் அடிக்கும். "என்ன, தண்ணி விழுதா?" என்பார்கள். தென்காசிப் பக்கத்தில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும், அது தண்ணீரைப் பற்றிய கேள்வி இல்லை. விழுகிறது என்று வாயைத் திறந்தால் மறுநாள் காலையில் வாசலில் வேன் நிற்கும். விழவில்லை என்று பொய் சொல்லவும் வழியில்லை. அருவியில் நிற்கிறதே வீட்டுக்காரர்தானே!

இப்படி வந்து இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் தலைவி சிவகிரி சந்தனமாரி. ஏட்டையாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. வேனிலிருந்து இறங்கும்போதே, "எங்களுக்குன்னு தனியா ஒண்ணும் செய்யாதட்டி" என்பாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "சும்மா ஒரு சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகளுக்கு மட்டும் பூரி" என்பாள். பிறகு வீடு முழுக்க ஈரத்துண்டுதான். சாரலில் ஒன்றாவது காயுமா? தையல் மிஷின் மேலேயே காயப்போடுவார்கள். அந்த நாட்களில் ஒரு வரிகூட எழுத இடமிருக்காது. ஆத்திரம் எல்லாம் கதைக்குள் போய் இறங்கியது.

கதை இதுதான். குற்றால மலைக் குகையில் தீக்கொழுந்தன் தனியாகக் கிடக்கிறது. அதைக் கொல்ல வடக்கேயிருந்து வாள்மங்கை ஒருத்தி படையோடு வருகிறாள். வந்தவள், "தண்ணி விழுதா?" என்று கேட்டு, எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, பசியோடு குகைக்குள் புகுந்து, "எங்களுக்கென்று தனியாக ஒன்றும் செய்யாதே" என்கிறாள். சண்டையே மறந்துபோகிறது. சாரலில் நனைந்து டிராகனுக்கும் நெருப்பு வரவில்லை, வெறும் வெக்கைதான் வருகிறது. "அதுபோதும், இப்படித் திரும்பி ஊது" என்று அதன் கொம்பிலேயே துண்டைக் காயப்போடுகிறார்கள்.

தென்காசியில் நூலகக் கூட்டம் நடத்தும் முகம்மது மீரான் இதைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேடையில் வாசிக்கக் கூப்பிட்டார். ஆனந்தவள்ளிக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணப் பத்திரிகையைத் தவிர அவள் பெயரை யாரும் மைக்கில் வாசித்ததோ அச்சில் போட்டதோ கிடையாது. சனிக்கிழமை வேன் வந்து நின்றது.

"மேடையில பேசப்போறியாமே! எட்டி, நானும் வருதேன். முன்னாடி உக்காந்து கைதட்டுதேன்" என்றாள் சந்தனமாரி.

அடுக்களையில் வைத்து ஏட்டையா ஆனந்தவள்ளி காதோரம் கெஞ்சினார். "அந்த 'தனியா ஒண்ணும் செய்யாதே'ய மட்டும் எடுத்துருட்டி. அக்காவுக்குப் புரிஞ்சுதுன்னா இந்த ஜென்மத்துக்கு நம்ம வாசப்படி மிதிக்கமாட்டா."

"அத எடுத்துட்டா கதையில என்ன இருக்கு? வெறும் பல்லிதான் இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் நடுக்கம்தான். மதினி சந்தனமாரி கோபக்காரி, ஆனால் பிரசவத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவளும் அவள்தான்.

மேடையில் அந்த வரி வந்தது. ஆனந்தவள்ளி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசித்துவிட்டாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஃபேன் சத்தம் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேன் வந்திருக்கும் போல. முன்வரிசையில் சந்தனமாரி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போச்சு என்று நினைத்தார் ஏட்டையா.

கூட்டம் முடிந்ததும் சந்தனமாரி நேரே வந்து ஆனந்தவள்ளி கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் புரியாதுன்னு நெனச்சியாட்டி? தீக்கொழுந்தன்னா உன் கொழுந்தன், நம்ம கௌரிசங்கர்தானே? மேலகரத்துல அவன் வீட்டுல அவன் மாமியார் கூட்டம் சீசனுக்குச் சீசன் வந்து குமியுதே, அதத்தானே எழுதியிருக்க? அந்தப் பொம்பள அப்படியேதான் சொல்லுவா, தனியா ஒண்ணும் செய்யாதன்னு! பாவம் என் தம்பி. எப்படித்தான் மனசு வருதோ இவளுகளுக்கு!"

ஏட்டையா சிரிப்பை அடக்க விசிலைத் தேடினார். ஆனந்தவள்ளிக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த பேச்சில் அது மறுபடி போனது.

"அவன் வீட்டுக்கு நாளைக்குப் போலாம்னு இருந்தோம். இனி போவமாட்டோம். பாவம், அவனுக்கு ஏற்கெனவே பாரம். ஆடி அமாவாசை முடிய இங்கனயே இருந்துக்கிடுதோம்."

அந்த நேரம் பார்த்து மீரான் வந்து, "கதை முடியலயேம்மா. கடைசியில அந்த டிராகன் எங்க போகுது? முடிச்சுத் தந்தா எங்க நூலக மலர்ல போட்டுருவோம்" என்றார். ஆனந்தவள்ளி மதினியின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"மதினி, சிவகிரி வீடு பூட்டித்தானே கெடக்கு?"

"ஆமா. எதுக்குட்டி?"

"சாவியத் தாங்க. நான் அங்க போயி கதைய முடிக்கப்போறேன். மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு. உங்க தம்பிக்குக் காப்பியில சீனி கம்மி."

"அடி இவளே! அங்க உனக்கு யாரு பொங்கிப் போடுவா? பக்கத்து வீட்டுல சொல்லி வைக்கட்டா?"

"எனக்குன்னு தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம் மதினி" என்று ஆனந்தவள்ளி கையை நீட்டினாள்.

சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்த சந்தனமாரி ஒரு நொடி நின்றாள். தம்பி முகத்தைப் பார்த்தாள், ஆனந்தவள்ளி முகத்தைப் பார்த்தாள். பிறகு சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் சிவகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆனந்தவள்ளி போனில் தட்டினாள்: 'வாள்மங்கையின் கோட்டையைத் திறந்துகொண்டு தீக்கொழுந்தன் உள்ளே போனது. அங்கே கொடியில் ஒரு துண்டுகூட இல்லை.'